சம்பந்தி வீட்டு உருளியில் கமர்கட்டு

பெண்கள் பத்திரிகைகளில் கமர்கட்டு செய்முறை எழுதுகிறவர்கள் வெல்லம் எவ்வளவு, தேங்காய் எவ்வளவு, ஏலக்காயை எப்போது தட்டிப் போடவேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள். அடுப்படிக் கதவை உள்ளேயிருந்து தாழ்போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அது ஒன்றுதான் முக்கியம். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கமர்கட்டு செய்த நாளில் அந்தத் தாழ்ப்பாள் போடாததால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலம். அதற்கு முன்பே அவளுக்கு இரண்டு இடங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. முதல் இடத்தார் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று சொல்லி எழுந்துபோனார்கள். பெண்ணைத்தானே கூட்டிப்போகப் போகிறார்கள், கிணற்றையா என்று கேட்கலாம். பெண்ணைப் பெற்றவள் அதையெல்லாம் கேட்க முடியாது. இரண்டாவது இடத்தார் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்று எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். தாய் படித்தவள் என்றால் மகள் எதிர்த்துப் பேசுவாள் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. மூன்றாவதும் தட்டிப்போனால் தெருவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள் என்று நான் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

மூன்றாவது இடம் திருமங்கலத்தில். மாப்பிள்ளையின் தகப்பனார் மதுரையில் கீழமாசி வீதியில் வெல்ல மண்டி வைத்திருந்தார். சிறு வயதில் பள்ளிக்கூட வாசலில் தட்டை வைத்துக் கமர்கட்டு விற்று மேலே வந்தவர். அதை மறைக்கிற மனிதர் அல்ல. எதிரே நின்றவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று பெண்ணைப் பார்த்ததைவிடத் தன் கமர்கட்டுத் தட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். சீனிக்கு ரேஷன் கார்டு போட்டிருந்த காலம் அது. நிச்சயதார்த்தத் தாம்பாளத்தில் லட்டும் ஜிலேபியும் வைக்க வழியில்லை. அவரே ஒரு யோசனை சொன்னார். வெல்லம் நான் அனுப்புகிறேன், பெண் கையால் கமர்கட்டு செய்து வையுங்கள், என் பழைய தொழிலுக்கு ஒரு மரியாதையாகவும் இருக்கட்டும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தா. மேலே இருக்கிறவர் எது சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகு என்ன சொன்னார் என்று யோசிப்பது அவர் உத்தியோகப் பழக்கம். அன்றும் தலையாட்டினார்.

வெல்லம் வந்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்துத் தேங்காயும் ஒரு சாக்கு வந்தது. காய்ச்சுவதற்குப் பாத்திரம் இல்லை. எங்களிடம் இருந்த பெரிய பாத்திரங்கள் எல்லாம் பித்தளை. ஈயம் தேய்ந்து மஞ்சளாய்ப் பல்லைக் காட்டின. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்ததில் மதுரையில் ஈயம் பூசுகிறவருக்கு ஈயம் கிடைக்கவில்லை. எங்கேயோ கப்பல் மூழ்கினால் எங்கள் அடுப்படியில் ரசம் கசந்தது.

இந்த விஷயம் எப்படியோ திருமங்கலத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாயார் உடனே தன் வெண்கல உருளியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அது அவருக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. விளிம்பில் அவர் பெயர் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது. வண்டிக்காரர் மூலம் ஒரு சொல்லும் வந்தது: வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் அடுப்பில் ஏறவேண்டிய உருளி, வியாழக்கிழமை விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவல் பாத்திரம் படி தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே வழக்கம். நிச்சயதார்த்தமோ வெள்ளிக்கிழமை காலையில். ஆகவே வியாழக்கிழமை பகலிலேயே கமர்கட்டு செய்து, உருளியைத் தேய்த்து, அதில் ஏதாவது வைத்துத் திருப்பிவிட வேண்டும். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது தெரிந்ததுதானே.

நானும் மகளும் குளித்துவிட்டு அடுப்பு மூட்டினோம். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பாகு ஏறியதும் தேங்காயைக் கொட்டிக் கிளறினோம். உருளி நல்ல உருளிதான். சூடு சீராக ஏறியது. மகள் துளியெடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டாள். முதலில் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டாள். டங் என்று கேட்டது. அதுதான் பதம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உருளியை இறக்கிவிட்டாள். தட்டில் எண்ணெய் தடவி, கையிலும் தடவிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டவேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. என் தம்பி.

அவன் முனிசிபாலிட்டியில் சுகாதார இன்ஸ்பெக்டர். பழங்காநத்தத்தில் குடியிருந்தான். காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து அவனுக்கு உலகத்தில் மனிதர்கள் தெரியவில்லை, கிருமிகள்தான் தெரிந்தன. சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்து, ஊரில் காலராப் பேச்சு எழுந்து, எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தமுக்கடித்துப் போயிருந்த சமயம். தமுக்கடிக்கச் சொன்னதே இவன்தான் என்பது இவன் நினைப்பு. நேரே அடுப்படிக்கு வந்தான். உருளியைப் பார்த்தான். வடிகட்டிய துணியில் ஒட்டியிருந்த எறும்பையும் வைக்கோலையும் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது எம்புட்டு நேரம் கொதிச்சுச்சு?"

பதம் வந்ததும் இறக்கிவிட்டோம் என்றேன். பதம் நாக்குக்குத்தான், கொதி வயிற்றுக்கு என்றான். ஆலையிலிருந்து வெல்லம் எத்தனை கால் பட்டு, எத்தனை ஈ உட்கார்ந்து வருகிறது தெரியுமா, நாளைக்குச் சபையில் இதைத் தின்று சம்பந்தி வீட்டில் யாருக்காவது வயிற்றால் போனால் என் உத்தியோகம் என்ன ஆகும் என்று கேட்டான். பெண்ணின் கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நன்றாகக் கொதிக்கட்டும் என்றான்.

பாகு தண்ணீர் இல்லை, இன்னும் கொதித்தால் கல்லாகிவிடும் என்றேன். அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும். டிப்பார்ட்மெண்டுல சொல்லிக் குடுக்காமயா அனுப்பியிருப்பாக?"

அதற்குமேல் நான் எதிர்த்துப் பேச முடியாது. அவன் தாய்மாமன். மறுநாள் சபையில் முன்னால் நிற்கவேண்டியவன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டால் நிச்சயதார்த்தமே நடக்காது. தங்கள் வீட்டுத் தாய்மாமனைப் பகைத்துக்கொண்ட குடும்பத்தில் எவன் பெண் எடுப்பான்? மகள் மட்டும் மெதுவாக, மாமா, சத்தம் வந்துருச்சு மாமா என்று சொல்லிப்பார்த்தாள். கிருமிக்குக் காது கிடையாது தாயி என்று சொல்லிவிட்டு அவனும் இவருமாக உருளியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தார்கள். எங்களை வெளியே போய்த் தட்டைத் துடைக்கச் சொன்னார்கள். விஞ்ஞானம் வேலை செய்யும்போது பெண்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது போலும்.

மரக்கரண்டியை என் வீட்டுக்காரர் பிடித்தார். தம்பி பேச ஆரம்பித்தான். போன வருஷம் காலராவின்போது ஒரு தெரு முழுவதும் பலகாரக் கடைகளைத் தான் ஒரு ஆளாக நின்று மூடிய கதை அது. நான் பலமுறை கேட்டது, அவர் கேட்டதில்லை. கதை விறுவிறுப்பான இடத்துக்கு வந்தபோது அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். கடைசிக் கடையும் மூடப்பட்டபோது கரண்டி அசையவில்லை. இருவரும் கலவரப்பட்டு உருளியை இறக்கிக் கீழே வைத்து, என்ன செய்யலாம் என்று கலந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை முடிகிற நேரத்துக்குள் நான் உள்ளே வந்தேன்.

உருளிக்குள் கன்னங்கரேலென்று வழவழப்பாக ஒரே பாறை. நடுவில் கரண்டி கொடிமரம்போல நிமிர்ந்து நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துத் தூக்கினார். உருளியும் சேர்ந்து வந்தது.

மகள்தான் ஒரு தரம் விரலால் தட்டிப்பார்த்தாள். டங் என்று கேட்டது.

தீயில் வைத்து இளக்கலாம் என்றால் அடி கருகிவிடும். கருகல் வாடை அந்த உருளியைவிட்டு லேசில் போகாது. வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாம் என்று ஊற்றினேன். மேலே விரல் நகம் அளவுக்கு வழுக்கியது, அவ்வளவுதான். முழுவதும் கரைய மறுநாள் ஆகும். சுத்தியலால் தட்டலாமென்றால் வெண்கலம் பித்தளை மாதிரி நசுங்காது, விரிசல்விட்டுவிடும். அதுவும் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரம். சூரியனோ சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி உருளியைச் சுற்றிச்சுற்றி வந்து, ஒன்று மட்டும் நிச்சயம் அக்கா, உள்ளே ஒரு கிருமி உயிரோடு இல்லை என்றான். அதை ஆறுதலாகத்தான் சொன்னான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஆள் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். வந்தது சம்பந்தியே. மண்டியை அடைத்துவிட்டு ஊருக்குப் போகிற வழியில் உருளியையும் வாங்கிப் போகலாம் என்று வந்திருந்தார். நான் உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நெருக்கடியில் என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து அறிவு வந்ததோ தெரியவில்லை. தம்பியிடம் கரண்டிக் காம்பை அரிவாளால் ஒட்ட வெட்டச் சொன்னார். அப்படியும் நடுவில் ஒரு முளை நின்றது. அதன்மேல் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு முழம் பூ எல்லாம் வைத்துப் புது மஞ்சள் துண்டால் மூடிக் கட்டினார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்கள். மாடு ஒரு அடி பின்வாங்கியது.

சம்பந்தி வாழ்நாள் முழுவதும் எடை போட்டவர். துண்டுக்கு மேலேயே கை வைத்து அசைத்துப் பார்த்தார்.

"என்னா சம்பந்தி, இம்புட்டுக் கனமா இருக்கு?"

"வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுல்லண்ணே. கொஞ்சம் கமருகட்டு வச்சிருக்கோம்."

பொய் என்று ஒரு சொல் அதில் இல்லை. சம்பந்தி சந்தோஷப்பட்டுவிட்டார். அந்தக் காலத்தில் தட்டு நிறையக் கொண்டுபோனால் மணி அடிப்பதற்குள் காலி என்று மறுபடி ஆரம்பித்து, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பல்லு என்று முடித்தார். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் விளக்கேற்றினேன். தீக்குச்சி நாலைந்து வீணாயிற்று.

அன்று சாயங்காலத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. தாம்பாளத்துக்கு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னேன். மகள் பேசாமல் பூத் தொடுத்தாள். அவளைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. கிணற்றுத் தண்ணீருக்காக எழுந்துபோன உலகம், சீர்ப் பாத்திரத்தைப் பாறையாக்கி அனுப்பியவர்களைச் சும்மா விடுமா? திருமங்கலத்தில் துண்டை அவிழ்க்கும் காட்சியை மனத்துக்குள் விதவிதமாக நடத்திப்பார்த்தேன். ஒன்றுகூட நல்லபடியாக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஆரம்பித்தது. அவர்கள் வரவில்லை. உறவினர்கள் பாயில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் தம்பி சபைக்கு வைத்திருந்த குடிதண்ணீரைக் கொதிக்கவைத்தாயா என்று கேட்க வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். நல்ல நேரம் பாதி போனபின் வண்டிகள் வந்தன. மாப்பிள்ளை இறங்கினார். தகப்பனார் தலைகுனிந்தபடி இறங்கினார். கமர்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் தாயார் இறங்கினார். கையில் துணி போட்டு மூடிய ஒரு தாம்பாளம்.

உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நாலு வெத்தலைய வச்சுப் பாத்திரத்தைத் திருப்புவாக, பாத்திருக்கேன். நீங்க பாத்திரத்தையே அடைச்சுத் திருப்பியிருக்கீக. நடுவுல முளை வேற. நான் மாவு அரைக்கிற திருகைன்னுல்ல நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் ஏதோ சொல்ல எழுந்தேன். அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மகளின் குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் சபையில் பெண் பேசுவதாவது.

"அத்தை, நான் பதமாத்தான் இறக்குனேன்."

தாயார் கதவைப் பார்த்தார். "எப்ப இறக்குன?"

"டங்குன்னு கேட்டப்ப."

"அப்பறம் ஏன் திரும்ப அடுப்புல ஏத்துன?"

"நான் ஏத்தல அத்தை. கிருமி சாகணும்னு எங்க மாமாவும் அய்யாவும் ஏத்துனாக."

தாயார் திரும்பி என் தம்பியைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கடைசியாகத் தன் கணவரை வெகுநேரம் பார்த்தார். அவர் இன்னும் குனிந்தார். விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. முந்தின நாள் துண்டை அவிழ்த்ததும் இந்த அம்மாள், வெந்நீர் ஊற்றிவைப்போம், ரெண்டு நாளில் தானே கழன்று வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். கமர்கட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று அவர் மண்டியில் வெல்லம் உடைக்கிற கம்பியை எடுத்து ஒரு போடு போட்டிருக்கிறார். கமர்கட்டு பாதி சிதறியிருக்கிறது. உருளி விளிம்பிலிருந்து அடி வரைக்கும், சரியாக அந்த அம்மாள் பெயரின் நடுவே, விரிசல் கண்டுவிட்டது. காலையில் அந்த அம்மாள் கிளம்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். எங்கள்மேல் கோபத்தில் அல்ல. அதனால்தான் தாமதம்.

"உங்க வீட்டுலயும் இதே கூத்துத்தானா?" என்று என்னிடம் கேட்டார். "நான் எங்க வீட்டுல மட்டுந்தான்னு இருந்தேன். சரி, தட்டை மாத்துங்க. நேரம் போகுது."

தட்டு மாற்றினோம். அந்த இடத்தில் பெரிய மனிதர்கள் என்று இருந்தவர்கள் எல்லோரும், அந்த அம்மாள் மூடிக் கொண்டுவந்த தாம்பாளத்திலிருந்து ஆளுக்கொரு கமர்கட்டுச் சில்லை எடுத்து வாயில் போட்டார்கள். சீனி கிடைக்காத அந்தக் காலத்தில் வெல்லப் பண்டத்தை யார் விடுவார்கள்? சீர் எவ்வளவு, நகை எவ்வளவு என்று இழுக்கலாமென்று வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. அவர் கையைத் தூக்கித் தூக்கி ஏதோ சொல்லப்பார்த்தார். ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு முகூர்த்தத்தைக் குறித்துவிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போது என் தம்பி என்னிடம் வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"பாத்தியாக்கா, இம்புட்டுப் பேரு தின்னாகளே, ஒருத்தருக்காவது வயித்தால போச்சா?"

போகவில்லைதான். அதை அவன் மேலதிகாரியிடமும் சொல்லியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

இத்தனை கலவரத்திலும் யாரும் செய்யாத ஒரு காரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிணறு, என் படிப்பு, வெல்லம், உருளி, கிருமி எல்லாவற்றையும் ஆராய்ந்தோம். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஓடினேன். தட்டு மாற்றியதும் மாமியார் பெண் வாயில் இனிப்புப் போடுவது வழக்கம். அந்த அம்மாள் இருந்ததிலேயே பெரிய சில்லாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மகள் ஒரு கன்னம் உப்ப ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தாயி, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை அசைத்தாள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று நான் கவனிப்பதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள். நன்றாகத்தான் இருக்கிறாள், அவள் மாமியாருக்கும் அவளுக்கும் அடுப்படியில் ஒரு மனஸ்தாபம் இல்லை. ஒவ்வொரு முறை திருமங்கலத்துக்குப் பஸ் ஏறும்போதும் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போகிறேன். கேட்காமலே திரும்பிவருகிறேன்.